அத்தை கேட்ட கருப்பட்டி

அத்தை சர்க்கரை நோயில் போனாள் என்றுதான் எங்கள் குடும்பத்தில் சொல்லி வருகிறார்கள். ஐம்பது வருடத்துக்கு மேலாக நானும் அதற்குத் தலையாட்டி வந்தேன். இனி முடியாது.

திருவனந்தபுரம் ஆரியசாலையில் அப்பாவுக்குக் கருப்பட்டி மொத்தக் கடை; கொல்லம் வரை சரக்கு போகும். கீழே கடையும் கிடங்கும், மாடியில் வீடு. அத்தை அப்பாவின் அக்காள். கணவர் இறந்த பிறகு திருநெல்வேலியிலிருந்து எங்களோடு வந்து சேர்ந்தவள், பிள்ளை கிடையாது. ஐம்பத்தைந்து வயதில் அவளுக்குச் சர்க்கரை என்று தெரிந்தபோது, மாடிப்படியில் மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்கும் உடம்பு. கருப்பட்டிக்கு மேலே குடியிருப்பவளுக்கு அந்த நோய் வந்ததைத் தெருவே கேலி பேசியது. அவளும் சேர்ந்து சிரித்தாள்.

தினமும் காலையில் இன்சுலின் ஊசி, சாப்பாட்டைக் குறைத்து உடம்பையும் இளைக்க வேண்டும் என்றார் டாக்டர். அப்பா அதை வைராக்கியமாக எடுத்துக்கொண்டார். சோறு போயிற்று, மரச்சீனிக் கிழங்கு போயிற்று, ஏத்தம்பழமும் போயிற்று. கோதுமைக் கஞ்சி, பாகற்காய், கீரை, மோர். ஞாயிற்றுக்கிழமைகளில், கிடங்கில் சாக்கில் கட்டிய கருப்பட்டிச் சிப்பங்களை நிறுக்கும் பெரிய தராசில் அத்தையை உட்கார வைத்து எடை பார்ப்பார். மறுதட்டிலிருந்து ஒரு எடைக்கல் இறங்கினால் எல்லோரும் கைதட்டுவோம்.

“என்னையும் சாக்குல கெட்டி கொல்லத்துக்கு அனுப்பிராதடே” என்பாள் தம்பியிடம்.

நாலைந்து மாதத்தில் வேறு ஆளானாள். ரவிக்கைகளைப் பிடித்துத் தைத்தார்கள். மாடிக்கு நிற்காமல் ஏறினாள். மாதாமாதம் வந்து காட்டச் சொல்லியிருந்தார் டாக்டர். நன்றாகத்தானே இருக்கிறாள் என்று அப்பா கூட்டிப்போகவில்லை. பழைய உடம்புக்கு எழுதிக் கொடுத்த அளவு மருந்தையே கம்பவுண்டர் தினமும் காலையில் வந்து போட்டுக்கொண்டிருந்தார்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அத்தையைக் கண்காணிக்கும் பொறுப்பை அப்பா எனக்குத் தந்திருந்தார். போலீஸ்காரன் என்று பட்டமும் உண்டு. பள்ளியில் எதிலும் பெயர் வாங்காத எனக்கு அது பெரிய பதவி.

ஒரு நாள் மத்தியானம் கிடங்கில் அவள் ஒரு கருப்பட்டித் துண்டை வாயில் போடுவதைப் பார்த்தேன். முகமெல்லாம் வேர்வை, கை நடுங்கியது. என்னைக் கண்ட பயம் என்று நினைத்தேன்.

“அப்பாட்ட சொல்லிராத மக்களே. சில நேரம் கையும் காலும் கெடந்து நடுங்குது. இதுல ஒரு துண்டு போட்டா நிக்கி, கேட்டியா.”

அன்று மாலையே சொல்லிவிட்டேன். கடை ஆட்கள் முன்னால் அப்பா கத்தினார். “இத்தன நாள் பட்ட பாடெல்லாம் மண்ணாப் போச்சேக்கா! நாக்க அடக்க முடியாதா ஒனக்கு?” பிறகு என்னை இழுத்து நிறுத்தி, இனி இனிப்பைத் தொடுவதில்லை என்று என் தலையில் கைவைத்து அத்தையைச் சத்தியம் செய்யச் சொன்னார்.

“பிள்ள தலையிலயா?” என்று அத்தை பின்வாங்கினாள். அப்பா விடவில்லை. கடைசியில் கையை வைத்தாள். அவள் உள்ளங்கை ஈரமாக இருந்தது.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. அம்மா நாகர்கோவிலில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாள். கம்பவுண்டர் ஊசி போட்டுவிட்டுப் போனார். இன்றைக்கு இன்னொரு கல் இறங்கியே தீரவேண்டும், எடை பார்த்த பிறகுதான் கஞ்சி என்றாள் அத்தை. முடிவெட்டப் போன அப்பா வர நேரமாயிற்று. கிடங்கில் அவளும் நானும் காத்திருந்தோம்.

கொஞ்ச நேரத்தில் அவளுக்கு வேர்த்துக் கொட்டியது. பேச்சு குழறியது. பிரிந்து கிடந்த சிப்பம் ஒன்று அவள் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. அவள் அதைத் தொடவில்லை.

“மக்களே, நீ ஒரு துண்டு எடுத்து என் வாயில போடு. நீயா தந்தா சத்தியத்துல சேராது. ஒனக்கு ஒண்ணும் வராது.”

“அப்பாட்ட சொல்லுவேன்” என்றேன்.

மறுபடியும் கேட்டாள். மூன்றாவது முறை உதடு மட்டும் அசைந்தது. பிறகு சாக்குகளின்மேல் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். கோபித்துக்கொண்டாள் என்று நினைத்து, நான் தெருவுக்குப் போய்க் கோலி விளையாடினேன்.

அப்பா வந்து எழுப்பியபோது மணி பதினொன்று தாண்டியிருந்தது. அத்தை எழவில்லை. அன்றும் எழவில்லை, மறுநாளும் எழவில்லை. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் மூச்சு நின்றது. ரத்தத்தில் சர்க்கரை அடியோடு இறங்கிப்போன அந்த நேரத்தில் தன் கையால் ஒரு துண்டு எடுத்திருந்தால் பிழைத்திருப்பாள். என் தலைக்கு ஏதாவது வந்துவிடும் என்று அவள் எடுக்கவில்லை. இந்தக் காரணத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை, மனைவியிடம்கூட.

ஆனால் இன்றும் என்னைத் தூங்கவிடாதது வேறொன்று. அந்த ஞாயிற்றுக்கிழமை டாக்டர் கிடங்குக்கே வந்து, அத்தையின் கையில் குளுக்கோஸ் ஊசி போட்டுவிட்டுக் கேட்டார்: “காலைல இனிப்பு ஏதாவது கேட்டாங்களா?”

இல்லை என்றார் அப்பா. அதற்குள் அக்கம்பக்கத்துக் கடைக்காரர்களெல்லாம் வாசலில் கூடிவிட்டார்கள். நான் அவர்களை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தேன். எல்லோருக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னேன்.

“மூணு தடவ கேட்டா. நான் குடுக்கவே இல்ல.”

டாக்டர் அப்பாவைப் பார்த்தார். அப்பா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் என்னை மெச்சுவார் என்று நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.