என் கையில் இருந்தது

மாமாவின் கருமாதி முடிந்த மறுநாள் பிற்பகல் அக்கா அவருடைய தோள்பையைத் திறந்தாள். இரும்புலியூரில் அவர்கள் இருந்த முதல் மாடி வீட்டில் உறவுக்காரர்கள் எல்லாரும் கிளம்பிப் போயிருந்தார்கள். வாடகை நாற்காலிகளை அடுக்கி வைத்துவிட்டு நான் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். பையிலிருந்து சாப்பாட்டு டப்பா வந்தது, சிவப்பு மைப் பேனா இரண்டு வந்தன, பாதி திருத்திய விடைத்தாள் கட்டு ஒன்று வந்தது. கடைசியாக ஒரு ரோஸ் நிற மருந்து பாட்டில். நெஞ்செரிச்சலுக்குக் குடிப்பது. முக்கால்வாசி காலியாக இருந்தது. அக்கா அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"பாருடா. எத்தனை நாளா குடிச்சிருக்காரு பாரு. ஒரே வீட்ல இருக்கேன், என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே. எனக்கு இவர் மேல அவ்ளோ கோவம் வருதுடா. செத்துப் போனவர் மேல கோவப்படறது தப்பா?"

அவள் கேட்டது கேள்விதான் என்று எடுத்துக்கொண்டு நான் பதில் சொன்னேன். "அக்கா, நடந்தது நம்ம கையில இல்ல. அதை எப்படி எடுத்துக்கறோம்ங்கறது மட்டும்தான் நம்ம கையில இருக்கு. கோவம் வந்தா வரட்டும். தள்ளி நின்னு பாரு, தானா போயிடும்." என் குரல் நிதானமாக இருந்தது. அந்த நிதானம் எனக்கே பிடித்திருந்தது. அக்கா பாட்டிலைப் பைக்குள் வைத்துவிட்டு, "காபி போடட்டுமா?" என்று எழுந்து போனாள்.

அந்த வார்த்தைகள் எனக்கு எங்கிருந்து வந்தன என்று சொல்ல வேண்டும். நாவலூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். முப்பத்தைந்து வயதுவரை நான் கோபக்காரன். மீட்டிங்கில் லேப்டாப்பை அறைந்து மூடியிருக்கிறேன், வீட்டில் ரிமோட்டைச் சுவரில் எறிந்திருக்கிறேன். ஒரு முறை என் மனைவி இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை. ரத்த அழுத்தம் பார்த்த டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, "இதுக்கு மேல உங்க கையிலதான் சார் இருக்கு" என்றார். அதற்குப் பிறகுதான் பத்து நாள் வாய் பேசாமல் இருக்கிற பௌத்த தியான முகாம் ஒன்றுக்குப் போனேன். திரும்பி வந்து ஸ்டோயிக் தத்துவம் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னால் கிரேக்கத்திலும் ரோமாபுரியிலும் இருந்தவர்கள் சொன்ன விஷயம், ஓ.எம்.ஆர். சாலைப் போக்குவரத்து நெரிசலில் மாட்டிக்கொண்ட எனக்கு நேராக வந்து சேர்ந்தது. உன் கையில் இருப்பது எது, இல்லாதது எது என்று முதலில் பிரித்துக்கொள். இல்லாததோடு மல்லுக்கட்டாதே.

தியானம் அதற்கு உடம்பு வழியாக ஒரு பாதை காட்டியது. எனக்குக் கோபம் முதலில் காது மடலில்தான் வரும். சூடாக, ஊசி குத்துவது போல. அதைக் கவனித்துக்கொண்டே நாலைந்து முறை மூச்சை இழுத்து விட்டால் அந்தச் சூடு ஏறும், நிற்கும், பிறகு இறங்கும். இறங்கிய பிறகு பேசினால் வேறு வார்த்தைகள் வரும். இதைக் கண்டுகொண்ட வருடம் எங்கள் வீடே மாறியது. மாமாதான் முதலில் சொன்னார்: "என்னடா, உன் கொதிநிலையே மாறிப்போச்சு போல?" அவர் வண்டலூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் வேதியியல் ஆசிரியர். எதைப் பேசினாலும் பாடத்தைக் கொண்டு வந்து நுழைத்துவிடுவார். நான் பிளஸ் டூ படிக்கும்போது அக்காவைக் கல்யாணம் செய்துகொண்டு வந்தவர். என் கோபத்துக்குப் பயப்படாத ஒரே ஆள். நான் கத்தி முடிக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு கேட்டுவிட்டு, "முடிஞ்சுதா? வா, டீ குடிக்கலாம்" என்று தாம்பரம் மார்க்கெட் பக்கம் அழைத்துப் போவார்.

அவர் ஒரு வியாழக்கிழமை காலை வண்டலூர் ஸ்டேஷன் படிக்கட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அக்காவைப் பார்க்கப் போனேன். அவள் பளிச்சென்று இருந்தாள். முகத்தில் பவுடர், தலையில் இழுத்துப் பின்னிய பின்னல். டிபன் கொடுத்தாள், அலுவலகக் கதை கேட்டாள், ஒரு முறைகூட அழவில்லை. நான் சொன்னது வேலை செய்கிறது என்று நினைத்தேன். மாதம் ஒரு முறை நாங்கள் சிலர் கூடித் தியானம் செய்யும் இடத்தில், அக்காவைப் பற்றிப் பேசவும் செய்தேன். கணவனை இழந்த பெண் எட்டு மாதத்தில் இவ்வளவு தெளிவாக இருக்க முடிகிறது என்று, ஏதோ நானே நட்டு வளர்த்த செடியைக் காட்டுவது போலச் சொன்னேன். கேட்டவர்கள் தலையாட்டினார்கள்.

ஒரு ஞாயிறு நான் கிளம்பி வண்டியை எடுக்கும்போது, கீழ்வீட்டில் தையல் மிஷின் போட்டிருக்கும் பாய் வீட்டம்மா வாசலுக்கு வந்தார். கழுத்தில் அளவு டேப் தொங்கியது. "தம்பி, ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லுங்கக்கா."

"உங்க அக்கா தினம் சாயங்காலம் இங்கதான் வந்து உக்காந்துகினு அழுவறாங்க. நான் பாட்டுக்கு மிஷினை ஓட்டிக்கினே இருப்பேன். சத்தம் வெளிய கேக்காதுன்னு. ஞாயித்துக்கெழமை மட்டும் வர மாட்டாங்க. தம்பி வருது, மூஞ்சி கழுவணும்பாங்க. நீங்க இன்னா சொன்னீங்கன்னு எனக்குத் தெரியாது. ஆனா அழுவறவங்க உங்களைப் பார்த்து பயப்படக் கூடாது, இல்ல?"

எனக்குக் காது மடல் சுட்டது. கோபம் என்றுதான் முதலில் நினைத்தேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அது இறங்கவில்லை. மறுநாள் காலை கண்ணை மூடி உட்கார்ந்தபோதும் இருந்தது. வழக்கம் போலக் கவனித்துக்கொண்டே இருந்தேன். அப்போது மாமாவின் குரல் வந்தது. அது வருவது புதிதல்ல. எட்டு மாதமாக, உட்காரும் ஒவ்வொரு காலையும் வந்துகொண்டுதான் இருந்தது. வந்த உடனே நான் மூச்சைக் கவனிக்கத் திரும்பிவிடுவேன். அதற்குத் தியானம் என்று பெயர் வைத்திருந்தேன். அன்று திரும்பவில்லை.

மாமா இறப்பதற்கு மூன்று நாள் முன்பு, திங்கட்கிழமை, எனக்குப் போன் செய்திருந்தார். நெஞ்சில் ஒரு மாதிரி இருக்கிறது, கூட வந்தால் டாக்டரைப் பார்க்கலாம் என்றார். அக்காவிடம் சொல்லாதே, பயந்துவிடுவாள் என்றார். எனக்கு அந்த வாரம் அலுவலகத்தில் புது மென்பொருள் ரிலீஸ். சனிக்கிழமை போகலாம் என்றேன். இதை அக்காவிடம் நான் சொல்லவே இல்லை. "நடந்தது நம்ம கையில இல்ல" என்று அவளிடம் நான் பிரித்துக் காட்டிய கணக்கில், என் கையில் இருந்த ஒரே விஷயத்தைக் கையில் இல்லாத பக்கம் தள்ளிவிட்டிருந்தேன். அந்தப் பழைய தத்துவக்காரர்கள் இப்படிச் செய்யச் சொல்லவில்லை. உன் கையில் இருப்பதை ஒழுங்காகச் செய் என்பதுதான் அவர்கள் முதலில் சொன்னது. எனக்கு வசதியான பாதியை மட்டும் நான் எடுத்துக்கொண்டேன். மாமாவுக்காக நானும் அதுவரை அழுதிருக்கவில்லை. அன்று காலை அழுதேன். மனைவி கதவைத் திறந்து பார்த்துவிட்டு, வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அன்று மாலையே இரும்புலியூர் போனேன். ஞாயிறு இல்லாததால் அக்கா எதிர்பார்க்கவில்லை. கண் வீங்கியிருந்தது. மாமா போன் செய்ததை நின்றபடியே சொல்லி முடித்தேன். அவள் முதலில் புரியாதவள் போலப் பார்த்தாள். பிறகு குரல் உயர்ந்தது.

"உனக்குத் தெரியுமா? தெரிஞ்சு வெச்சுக்கிட்டா எனக்குப் பாடம் நடத்தின? அந்த பாட்டிலைக் கையில வெச்சுக்கிட்டுக் கேட்டேனேடா. யார்கிட்டயும் சொல்லாம போயிட்டாரேன்னு நான் அவரைத் திட்டாத நாள் இல்ல. அவர் சொல்லியிருக்காரு! உன்கிட்ட சொல்லியிருக்காரு!"

அவர்தான் உன்னிடம் சொல்லாதே என்றார் என்ற வாக்கியம் என் நாக்கு நுனிவரை வந்தது. அது உண்மையும்கூட. காது கொதித்தது, கால் வாசல் பக்கம் இழுத்தது. ஒவ்வொன்றும் எனக்குத் தெரிந்தது. மூச்சை விட்டேன். வாக்கியம் மெல்லப் பின்னால் போனது. இத்தனை வருடப் பயிற்சியில் உருப்படியாக நான் எதையாவது செய்தேன் என்றால் அந்த ஐந்து நிமிடம் அங்கே வாயை மூடிக்கொண்டு நின்றதுதான். அக்கா கத்தி ஓய்ந்து, "போடா. கொஞ்ச நாளைக்கு வராத" என்றாள். போனேன்.

மூன்று மாதம் அவளிடமிருந்து அழைப்பு இல்லை. அவள் மன்னிப்பது என் கையில் இல்லை என்பது இந்த முறை எனக்கு ஆறுதலாக இல்லை, உண்மையாக மட்டும் இருந்தது. ஒவ்வொரு காலையும் அந்தக் குற்ற உணர்வோடு உட்கார்ந்தேன். சில நாள் அது வயிற்றில் கல்லாக இருக்கும், சில நாள் பழைய செருப்பின் கடிபோலச் சாதாரணமாக இருக்கும். இன்றும் போகவில்லை. அது இருக்கிற அறையை விட்டு நான் ஓடுவதில்லை என்பது மட்டுமே மாறியிருக்கிறது. கீழ்வீட்டம்மாவுக்குப் போன் செய்து அக்கா சாப்பிடுகிறாளா என்று கேட்டுக்கொள்வேன். "சாப்புடறாங்க தம்பி. திட்டறாங்க உங்களை. திட்டட்டும்" என்பார்.

மாமாவின் முதல் திதிக்கு அக்கா கூப்பிட்டாள். சாப்பாடு முடிந்து எல்லாரும் போன பிறகு என்னைப் பால்கனிக்கு அழைத்துப் போனாள். தூரத்தில் மின்சார ரயில் போகிற சத்தம் கேட்டது.

"அன்னிக்கு போன்ல என்ன சொன்னாரு? ஒரு வார்த்தை விடாம சொல்லு."

சொன்னேன். "'என்னடா பிஸியா? ஒண்ணுமில்ல, உங்கக்காகிட்ட சொல்லிடாத, பயந்துடுவா. வாத்தியார் நெஞ்சுலயே ஆசிட் எக்ஸ்பெரிமெண்ட் நடக்குது. ரிசல்ட் சரியா வரல. நீ ஒரு எட்டு வந்தா டாக்டர்கிட்ட காட்டிட்டு வந்துடலாம்'னாரு."

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், அப்படியே அழுதாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "குரல் பயந்த மாதிரி இருந்துச்சா?" என்றாள்.

"கொஞ்சம் இருந்துச்சுக்கா."

"ம். அதுக்கு நீ என்ன சொன்ன?"

"அதான் உனக்குத் தெரியுமே."

"தெரியும். நீ சொல்லு."

அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். "'இந்த வாரம் ரிலீஸ் மாமா, சனிக்கிழமை பாத்துக்கலாம்'னு சொன்னேன்."

"அதுக்கு அவரு?"

"'சரிடா, நீ வேலையைப் பாரு'ன்னாரு."

அக்கா தலையாட்டினாள். ரயில் சத்தம் தேய்ந்து போனது. பிறகு அவள் கம்பியைப் பிடித்தபடி, "முதல்லேருந்து இன்னொரு தடவை சொல்லு" என்றாள்.