ஐந்தாவது நாற்காலி

ஹின்டர்வாண்ட் மலையூரில் ஒரு காலத்தில் முந்நூறு பேர் இருந்தார்கள். சிலரைப் பனிச்சரிவு கொண்டுபோனது. பலரைக் கீழே இருக்கும் பஞ்சாலைகள் இழுத்துக்கொண்டன. இப்போது முப்பத்தெட்டே பேர். ஊர்ச்சபைக்கு மட்டும் அன்றைக்கும் ஐந்து நாற்காலி, இன்றைக்கும் ஐந்து! ஒன்று காலியானாலும் அரசாங்கத்தார் ஊரைப் பள்ளத்தாக்கு ஊரோடு சேர்த்துப் பெயரையே அழித்துவிடுவார்கள்.

இங்கே பதவிக்கு யாரும் அலைவதில்லை. பதவிதான் ஆளைத் துரத்தும். தேர்ந்தெடுத்துவிட்டால் மாட்டேன் என்று சொல்லச் சட்டத்தில் இடமில்லை. அறுபத்தைந்து வயதானால்தான் விடுதலை.

ரோப் கார் ஓட்டும் ரேகுலா ஹெர்கருக்கு அந்த விடுதலை போன செவ்வாய்க்கிழமை கிடைத்தது. இருபத்து நாலு வயதில் பிடித்துப்போட்டார்கள். பொருளாளர், தீயணைப்புத் தலைவி, இரண்டு முறை ஊர்த்தலைவி. கணவனைப் புதைத்த வாரத்திலேயே, தண்ணீர்க்குழாய் உறைந்துவிட்டதென்று மண்வெட்டியோடு கிளம்பியவள். அப்பேர்ப்பட்ட மனுஷி! பாசல் நகரத்தில் மகள் ஸில்வியா அவளுக்காக ஓர் அறைக்கு வண்ணமடித்துக் கட்டில் போட்டுக் காத்திருந்தாள்.

ஞாயிறு பூசை முடிந்து சபைக்கு ஆள் தேர்ந்தெடுக்க ஊர் பள்ளி அறையில் கூடியது. நாலு நாற்காலிக்கு ஆள் சிக்கிவிட்டார்கள். மிச்சமிருந்தவர்களில் பாதிப் பேர் கிழம். மற்றவர்கள் அந்த நாலு பேருக்கும் மனைவி, தம்பி, மகன். ஒரே குடும்பத்தில் இரண்டு பேர் உட்காரக் கூடாது. தலைவர் கஸ்பர் தரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏன்டா கஸ்பர், தரையில என் பேரா எழுதியிருக்கு?" என்றாள் ரேகுலா.

"உங்களக் கேக்க வாய் வரலக்கா. நாப்பத்தோரு வருஷம் உழைச்சாச்சு. பொண்ணுகிட்ட நிம்மதியாப் போங்க."

"ஊரே இல்லாமப் போச்சுன்னா அங்க எனக்கு எப்படிடா நிம்மதி? எழுது என் பேரை. இந்தத் தடவையாவது கூட்டத்துக்கு நல்ல காபி போடுங்க, போன தடவை போட்டது மாடு கூடக் குடிக்காது."

அறையே சிரித்தது. கைகள் உயர்ந்தன. கஸ்பர் எண்ணி எழுதிக்கொண்டார்.

சாயங்காலம் மகளுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னாள்.

"சட்டப்படி உன்னை இழுக்க முடியாதே அம்மா!"

"யாரும் இழுக்கலடி. நானாத்தான் போய் உக்காந்தேன். நாலு வருஷம்."

மறுமுனையில் மகள் அழுவது ரேகுலாவுக்குக் கேட்டது.

"எல்லாருமா கை தூக்குனாங்க?" என்று ஒருவழியாகக் கேட்டாள் ஸில்வியா.

"ஒரு ஓட்டு எதிரா விழுந்துச்சு."

"எந்தப் பாவி அது?"

"நான்தான். உன் பக்கம் நிக்க அங்க வேற யாருடி இருந்தா?"