நிறுத்தி நிறுத்திப் பார்த்த கேசட்

ஒரு பெண்ணின் கை இன்னொருத்தியின் கழுத்தருகே போவதைத் தெருவே பார்த்தது. அந்தக் கை அங்கே என்ன செய்தது? இதை எழுதுகிறவனுக்கு அன்று பதில் தெரியவில்லை. மைசூர் விஜயநகரின் அந்தத் தெருவில் யாருக்கும் தெரியவில்லை. ஆனால் எல்லோரும் பதில் சொன்னார்கள்.

கைக்குச் சொந்தக்காரி பஞ்சவர்ணம். ஹனூர்ப் பக்கத்திலிருந்து புருஷனோடு கட்டட வேலைக்கு மைசூர் வந்தவள். சாரம் சரிந்து அவன் செத்த பிறகு, மகளை வைத்துக்கொண்டு வீடுகளில் பாத்திரம் தேய்த்தாள், பூக் கட்டினாள். மல்லிகை மொட்டுகளைக் கோத்துக் கல்யாணப் பெண்ணுக்கு ஜடை தைப்பதில் அவளை மிஞ்ச அங்கே ஆளில்லை. முகூர்த்த மாதங்களில் அவளுக்கு நிற்க நேரமிருக்காது.

ஃபாக்டரியில் வேலை பார்த்த மாணிக்கவாசகத்தின் மகள் ஸ்ரீதேவியின் கல்யாணத்துக்கும் அவள்தான் ஜடை தைத்தாள். தாலி கட்டி, மாப்பிள்ளை மெட்டி போட்டுவிட்ட பிறகு, மாமியார் ஒரு ரெட்டை வடச் சங்கிலியைப் பெண்ணின் கழுத்தில் போட்டாள். பந்தியில் உட்காரும்போது சங்கிலி இல்லை. மண்டபம் முழுக்கத் தேடினார்கள். கிடைக்கவில்லை. அப்போது பஞ்சவர்ணத்தை யாரும் சந்தேகப்படவில்லை.

பிறகு வீடியோ கேசட் வந்தது. அந்த நாட்களில் தெருக்காரர்களின் கல்யாணத்தைக் கேபிள்காரர் தன் சானலில் போடுவது வழக்கம். இதையும் போட்டார். தாலி கட்டுகிறார்கள், மாமியார் சங்கிலி போடுகிறாள், உடனே ஒரு பாட்டு. பாட்டில் ஸ்ரீதேவி ஒருக்களித்து முதுகு காட்டி உட்கார்ந்திருக்க, கழுத்தில் என்ன இருக்கிறதென்று தெரியாமல் பூ மறைக்க, பஞ்சவர்ணத்தின் விரல்கள் அவள் பிடரியில் நகர்கின்றன. அடுத்து பந்தி. கழுத்தில் சங்கிலி இல்லை. பொழுது சாய்வதற்குள் தெரு தீர்ப்பு எழுதிவிட்டது.

மாணிக்கவாசகம் வீட்டுக் கூடத்தில் வாடகைக்கு எடுத்த விசிஆர் முன்னால் ஆட்கள் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். பக்கத்து வீட்டு மஞ்சுநாத் பாங்க் ஊழியர். சொந்தமாக விசிஆர் வைத்திருப்பவர் என்பதால் ரிமோட் அவர் கையில் இருந்தது.

"இல்லி நோடி! இங்க பாருங்க, நிறுத்திட்டேன். ரெண்டு விரல். கொக்கியைத்தான் தேடுது."

"இன்னொரு தடவை பின்னாடி ஓட்டுங்க சார்."

"கை திரும்பி வரும்போது ஒன்னும் காணோமே?" என்றார் ஒருவர்.

"பின்ன, கேமராவுக்குக் காட்டிட்டா எடுப்பா? முந்தானைக்குள்ள போயிருக்கும். எங்க விசிஆர்ல போட்டா இன்னும் க்ளியரா தெரியும்."

சிரித்தார்கள். பஞ்சவர்ணத்தை வரச் சொல்லி ஆள் போயிற்று. அவள் வாசற்படியைத் தாண்டவில்லை.

"அக்கா, அது மணவறைக்குப் போறதுக்கு முன்னாடி தெச்சதுங்க. அப்ப அந்தச் சங்கிலியே வரலீங்க."

"தெச்சது அப்பத்தான். அப்புறம் சரி பண்றேன்னு மறுபடியும் வந்திருக்கியே" என்றாள் ஸ்ரீதேவியின் அம்மா பாக்கியலட்சுமி. "சங்கிலி போட்டதுக்கப்புறம்தானே படத்துல நீ வர்றே? நீ சொல்றது நெசமா, டிவி சொல்றது நெசமா?"

அவளுக்கும் போட்டுக் காட்டினார்கள். தன்னையே டிவியில் பார்ப்பது அவளுக்கு அதுதான் முதல் தடவை. கை போயிற்று, நின்றது, பின்னால் ஓடிற்று, மறுபடி போயிற்று. பார்க்கப் பார்க்க அவளுக்கே பயம் வந்தது. மறுபடியும் போய்த் தொட்டேனோ? வளையல் அவளுடையது, விரல் அவளுடையது. ஆனால் அது அவளைக் கேட்காமல் என்னவோ செய்துகொண்டிருந்தது.

பெங்களூரில் புகுந்த வீட்டிலிருந்த ஸ்ரீதேவியிடம் போனில் கேட்டார்கள். "எத்தனையோ பேர் கை வச்சாங்கம்மா. நெனவில்லை. வீடியோல இருக்குன்னா அப்படித்தான் இருக்கும்" என்றாள். மாமியார் பக்கத்தில் நின்றிருக்கலாம்.

ஒவ்வொரு வீடாக வேலை போயிற்று. கேபிளில் தவறவிட்டவர்கள் கேசட்டை இரவல் வாங்கிப் பார்த்தார்கள். எல்லோரும் அதே இடத்தில் நிறுத்தினார்கள். பள்ளிக்கூடத்தில் மகளைக் "கள்ளி மக" என்று கூப்பிட, அவள் போவதையே விட்டுவிட்டாள். அதன் பிறகுதான் பஞ்சவர்ணம் வீடியோ எடுத்த உதயகுமாரைத் தேடிக் கடைக்குப் போனாள்.

"நீ ஜடை தெக்கிறது காலையில எடுத்ததுதான்க்கா" என்றான் அவன், கடைக்கு வெளியே ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு. "மிக்ஸிங் பண்றப்ப அந்தப் பாட்டுக்குப் படம் பத்தலை. பொண்ணு வர்றதையெல்லாம் பொறுக்கி அங்க சேத்துட்டேன். எல்லாக் கல்யாணத்துக்கும் அப்படித்தான் பண்றோம்."

"அதை வந்து ஒரு வார்த்தை சொல்லு சாமி."

"முகூர்த்தத்தைக் கலைச்சுப் போட்டேன்னு என்னை அடிக்க வருவாங்க. முதல்ல எடுத்த கேசட்டைக் காட்டலாம்னா, அதுமேல அடுத்த கல்யாணம் எடுத்தாச்சு." மேஜையிலிருந்த ஒரு கேசட்டை எடுத்து அடுக்கில் செருகினான். "ஒன்னு செய்யி. அந்த ஷாட்ல பொண்ணு காலு தெரியும். தாலிக்கு முன்னாடின்னா விரல்ல மெட்டி இருக்காதில்ல? அதைப் பாக்கச் சொல்லு."

அவள் மாணிக்கவாசகம் வீட்டுக்கு ஓடினாள். "கையைப் பாக்காதீங்கக்கா, காலைப் பாருங்க. மெட்டி இல்லைன்னா நான் திருடலை. இருந்துச்சுன்னா என்னைப் போலீஸ்ல குடுங்க."

பாக்கியலட்சுமி கல்நெஞ்சக்காரி அல்ல. மஞ்சுநாத்தைக் கூப்பிட்டாள். கேசட் ஓடியது. தாலி தெளிவாக வந்தது. சங்கிலி தெளிவாக வந்தது. பாட்டு தொடங்கியதும் படம் நடுங்கியது. திரையின் அடியிலிருந்து ஸ்ரீதேவியின் இடுப்பு வரை வெள்ளைக் கோடுகள் நெளிந்தன. மேலே விரல்கள் தெரிந்தன. கீழே கால் இருந்த இடத்தில் வெறும் கோடு.

"டேப் தேஞ்சுபோச்சு" என்றார் மஞ்சுநாத். "ஒரே இடத்துல எத்தனை தடவை நிறுத்தினோம்!" பின்னால் ஓட்டினார், மறுபடி போட்டார். கோடு இன்னும் ஏறியது.

"கை தெரியுதே, அது போதாதா?" என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள்.

பஞ்சவர்ணம் டிவி முன்னால் மண்டிபோட்டாள். முந்தானையால் கண்ணாடியின் அடிப்பக்கத்தைத் துடைத்தாள். அழுத்தி அழுத்தித் துடைத்தாள். யாரும் சிரிக்கவில்லை.

"எழுந்திரு பஞ்சவர்ணம்" என்றாள் பாக்கியலட்சுமி.

சங்கிலி இன்றுவரை கிடைக்கவில்லை. பஞ்சவர்ணம் இப்போது ஹுன்சூர் சாலைப் பக்கம் கட்டடங்களில் கலவைச் சட்டி சுமக்கிறாள். மகளும் கூடவே செங்கல் தூக்குகிறாள். கல்யாண வீட்டார் யாரும் அவளைக் கூப்பிடுவதில்லை. ஜடை தைக்க வேறொருத்தி வந்துவிட்டாள்.

அந்தக் கேசட்டைப் பார்த்தவர்கள் இன்று எந்தெந்த ஊரிலோ இருக்கிறார்கள். ஒவ்வொருவரையும் தேடிப் போய்ச் சொல்ல அவளால் முடியாது. ஆகவே இதைப் படித்தவர்கள் தயவுசெய்து அடுத்தவருக்குச் சொல்லுங்கள். மைசூர்க்காரர் யாரையாவது பார்த்தால் அவரிடமும் சொல்லுங்கள்: அந்த ஜடை தாலிக்கு முன்னால் தைத்தது, அவள் எடுக்கவில்லை.