காயாத மஞ்சள் கயிறு

இதை நம்பாதவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. போன ஆடி வரைக்கும் நானும் அந்தக் கட்சிதான். ஆனால் இது நடந்தது எனக்கு.

எங்கள் ஊர் கங்கைகொண்ட சோழபுரம். சோழர் தலைநகரம் என்று வாய் கிழியப் பேசுவோம். ஆடிப்பெருக்கு வந்தால் ஆற்றைத் தேடி அணைக்கரைக்கு, கொள்ளிடத்துக்குத்தான் ஓட வேண்டும். எனக்குக் கல்யாணமாகி இரண்டு மாதம். மண மாலைகளை ஆற்றில் விட்டு, ஒரு சுமங்கலி கையால் என் மனைவி லாவண்யா புது மஞ்சள் கயிறு கட்டிக்கொள்ள வேண்டும். எல்லாம் என் ஆயுசுக்காக. சிமெண்ட் ஆலையில் ஷிஃப்ட் முடிந்து நான் வரவே நேரமாகிவிட்டது. படித்துறையில் இறங்கும்போது மணி ஆறே முக்கால். கூட்டம் கலைந்திருந்தது.

"கட்டிவுட ஒரு பொம்பளகூட இல்லையேங்க..." லாவண்யாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

மாலைகளை விட்டோம். வெள்ளம் இழுத்துக்கொண்டு போனது.

"நான் கட்டுறேன் பாப்பா. எனக்கும் பாதி குடு."

கீழ்ப்படியில் ஒரு பெண். நாற்பது வயதிருக்கும். புடவை முழுக்க ஈரம். புண்ணியவதி என்றுதான் நினைத்தேன். பெண்கள் ஒருவருக்கொருவர் கட்டிவிடுவது வழக்கம்தானே. இருந்தது ஒரே கயிறு. லாவண்யா அதைப் பல்லால் கடித்து இரண்டாக்கினாள்.

கட்டிக்கொண்டார்கள்.

"கை ஏன்க்கா இப்புடி சில்லுன்னு இருக்கு?"

அவள் புடவையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. படி மட்டும் நனையவில்லை...

"தண்ணி எறங்கிருச்சா?" என்று கேட்டாள். ஆற்றைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

சட்டென்று வெள்ளத்தின் இரைச்சல் நின்றது.

எங்கள் மாலைகள்... வெள்ளத்தை எதிர்த்து, படிக்குத் திரும்பி வந்துகொண்டிருந்தன.

நிமிர்ந்தேன்.

அவள் இல்லை.

மறுநாள் ஆலையில், அணைக்கரைக்காரன் ராஜராஜன் சொன்னான்: "எங்க தெரு பாக்யலட்சுமி அக்கா, மூணு நாளைக்கு முன்னாடி ஆத்தோட போயிட்டாங்கடா. இன்னைக்குக் காலையிலதான் கெடச்சாங்க. புருஷன் செத்து ஒரு வருஷமாச்சு. ஆனா கழுத்துல புது மஞ்சக் கயிறு கெடக்கு. ஒரு முனைய யாரோ பல்லால கடிச்சிருக்காங்க."

வீட்டுக்கு ஓடினேன். கயிற்றை அறுத்து எறியச் சொன்னேன்.

"அறுத்தா உங்களுக்கு ஏதாவது ஆயிரும்..." லாவண்யா கழுத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள்.

இப்போது தை மாதம். அந்தக் கயிறு இன்னும் காயவில்லை.