நாற்காலி எல்லாம் கஸ்டமருக்கு

உங்கள் காலின் அளவை உங்களைவிடச் சரியாகச் சொன்ன ஒருத்தியின் முகம் உங்களுக்கு நினைவிருக்கிறதா? இருக்காது. நீங்கள் மெத்தை வைத்த நாற்காலியில் சாய்ந்திருந்தீர்கள். அவள் உங்கள் காலடியில் இருந்தாள். நீங்கள் பார்த்தது அவளுடைய தலைவகிட்டை மட்டும்தான்.

இதோ, இப்போதும் அவள் கீழே இறங்கிக்கொண்டிருக்கிறாள். மற்ற விற்பனைப் பெண்கள் ஒரு முழங்காலை ஊன்றிச் சட்டென்று குனிந்துவிடுவார்கள். இவள் அப்படியில்லை. முதலில் கண்ணாடி அலமாரியின் விளிம்பைப் பிடிக்கிறாள். பிறகு இரண்டு முழங்கால்களையும் ஒட்ட வைக்கிறாள். நடுவில் ஒரு காகிதத்தைச் செருகியிருப்பதுபோலவும் அது நழுவி விழுந்தால் வேலை போய்விடும் என்பதுபோலவும். அப்புறம் மூச்சைப் பிடித்துக்கொண்டு, லிப்ட் இறங்குவதுபோல் நேராக இறங்குகிறாள். தரை தட்டிய பிறகுதான் மூச்சு வெளியே வரும். அதோடு சேர்ந்து ஒரு வாக்கியமும் வரும்: "உங்களுக்கு எட்டு சார். போட்டிருக்கறது ஒம்போது. அதான் குதிகால்ல தேயுது."

கடையில் அவளுக்குப் பெயர் சைஸ் அக்கா. அளவுப் பலகையை எடுக்கமாட்டாள். வாசல் கதவைத் தள்ளிக்கொண்டு வருகிறவர்களின் நடையைப் பார்த்தே முடிவுகட்டிவிடுவாள். பெருவிரலை மடக்கி நடந்தால் செருப்பு சிறியது. தரையைக் கூட்டிக்கொண்டு வந்தால் பெரியது. பேருந்தில்கூடப் பார்வை ஆளின் முகத்துக்குப் போகாது. "மூஞ்சி பொய் சொல்லும், காலு சொல்லாது" என்பாள். ஊரார் காலையெல்லாம் இத்தனை வருடமாகப் படித்த அவளுக்கு, இந்த ஏழாம் மாதத்தில் சொந்தக் கால்கள் புரியாமல் போய்விட்டன.

ஐந்தாம் மாதத்தில் ஆரம்பித்தது. இரண்டு தொடைகளும் சேருகிற இடத்தில், முன்புற எலும்பில், கதவிடுக்கில் அகப்பட்ட விரல்போல ஒரு வலி. படி ஏறினால், ஒற்றைக் காலில் நின்றால், கட்டிலில் புரண்டால் 'டக்' என்று உள்ளே ஒரு சத்தம். அது தனக்கு மட்டும் கேட்கிறதா, பக்கத்தில் இருப்பவர்களுக்கும் கேட்கிறதா என்று அவளுக்கு நீண்ட நாள் சந்தேகம். "பூட்டு கழண்டுகிச்சு" என்று அதற்குப் பெயர் வைத்தாள். புரண்டு படுப்பதற்கு ஒரு வழியும் கண்டுபிடித்தாள். கடையில் கொடுக்கிற வழவழப்பான பிளாஸ்டிக் பையை இடுப்புக்குக் கீழே போட்டுக்கொண்டால், முழங்கால்களைப் பிரிக்காமலேயே சறுக்கித் திரும்பிவிடலாம். பை சரசரக்கும். தூக்கக் கலக்கத்தில் கணவர் கேட்பார்: "என்ன, இந்த நேரத்துல பர்ச்சேஸா?" சிரித்தாலும் வலிக்கும். அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பாள்.

மாதாந்தரப் பரிசோதனையில் மருத்துவரிடம் சொன்னாள். அவர் குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்டுவிட்டு, "குழந்தை நல்லாருக்கு" என்றார். கேட்டது தாயின் இடுப்பைப் பற்றி. பதில் வந்தது குழந்தையைப் பற்றி. கர்ப்பிணியைப் பெட்டியாகவும் உள்ளே இருப்பதைச் சரக்காகவும் நினைக்கிறவர்கள்தாம் இப்படிப் பதில் சொல்வார்கள். அடுத்த மாதமும் அதே கேள்வி, அதே பதில். மூன்றாம் முறை அவள் எழுந்து நடந்ததைத் தற்செயலாகப் பார்த்த பிசியோதெரபி சிகிச்சைப் பெண், பின்னாலேயே வந்து தோளைத் தொட்டாள்.

ஒரு பிளாஸ்டிக் இடுப்பெலும்பு மாதிரியை மடியில் வைத்துக்கொண்டு விளக்கினாள் அவள். முன்புறம் இரண்டு எலும்புகள் சேருகிற மூட்டு இது. கர்ப்ப காலத்தில் தசைநார்கள் தளரும். ஒரு பக்கம் கூடுதலாக அசைந்தால், சுற்றியிருக்கும் எல்லாமே இழுபடும். சாபமில்லை, திருஷ்டியில்லை, சோம்பலுமில்லை. உட்கார்ந்து உடை மாற்றவேண்டும். ஒவ்வொரு படியாக, இரண்டு காலையும் சேர்த்து வைத்து ஏறவேண்டும். முழங்கால்களுக்கு நடுவில் தலையணை வைத்துப் படுக்கவேண்டும். இடுப்பில் இந்தப் பட்டையைக் கட்டவேண்டும். முக்கால்வாசிப் பேருக்குப் பிரசவத்துக்குப் பிறகு சரியாகிவிடும். வலியோடு இழுத்துக்கொண்டே போனால், சிலருக்குச் சரியாக ரொம்ப நாளாகும்.

"முக்கியமா, உக்காந்து வேலை பாருங்க. கடையில நாற்காலி இல்லையா?"

"நெறைய இருக்கு மேடம். எல்லாம் கஸ்டமருக்கு."

சிகிச்சைப் பெண் சிரிக்கப்போனவள், இவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

உண்மைதான். அந்தக் கடையில் விற்பனையாளர் உட்காரக் கூடாது. வாடிக்கையாளர் இல்லாத மதிய வேளையிலும் கூடாது. நின்றால்தான் சுறுசுறுப்பாகத் தெரியுமாம். ஊழியர்களில் ஒரே ஒருத்திக்குத்தான் நாற்காலி: பில் போடுகிறவளுக்கு. "அது எனக்குப் போட்டதில்லக்கா. மெஷின் அந்த உயரத்துல இருக்கு. அதுக்குப் போட்ட நாற்காலியில நானும் ஒட்டிக்கிட்டிருக்கேன்" என்பாள் அவள். சுவரில் ஆளுயரத்துக்கு ஒரு விளம்பரப் படம். தாய் ஒருத்தி குழந்தைக்கு முதல் காலணி மாட்டுகிறாள். கீழே தாய்மையைப் புகழ்ந்து இரண்டு வரி. கவனித்துப் பாருங்கள், படத்திலிருக்கும் தாய் சோபாவில் உட்கார்ந்திருக்கிறாள். தாய்மையைப் பாட இந்த உலகத்தில் ஆளுக்குப் பஞ்சமில்லை. ஒரு தாய்க்கு நாற்காலி எடுத்துப் போடத்தான் ஆளில்லை.

வலி என்று சொல்லவும் அவளுக்குப் பயம். பிரசவ விடுப்பு தொடங்க இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. அதற்குள், 'முடியாதவள்' என்று முத்திரை விழுந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அனுப்பினால் விடுப்பும் இல்லை, திரும்பி வர வேலையும் இல்லை. முந்தைய வருடம் ஒருத்திக்கு அப்படித்தான் நடந்தது. அவள் தலை சுற்றுகிறது என்று ஒரே ஒருநாள் சொன்னாள்.

வீட்டிலோ வேறு பயம். மாமியார் சமையலறையிலிருந்து குளியலறைக்குப் போகும்போது சுவரைப் பிடித்துக்கொண்டே போவார். அந்த வழியெங்கும் இடுப்பு உயரத்தில் சுவரில் கறுப்பாக ஒரு கோடு. எத்தனை முறை வெள்ளையடித்தாலும் சில மாதங்களில் திரும்பி வந்துவிடும். திருமணமாகி வந்த புதிதில், 'அழுக்கு' என்று அதைத் துடைத்தவள் இவள். இப்போது ஒருநாள் தன் உள்ளங்கை அதே கோட்டின்மேல் பதிந்திருப்பதைப் பார்த்தாள்.

"அத்தை, உங்களுக்கு எப்பலேருந்து இப்படி?"

"சின்னவன் பொறந்ததுலேருந்து."

சின்னவனுக்கு இப்போது தலையில் நரை தொடங்கிவிட்டது.

"டாக்டர்கிட்ட காட்டலையா?"

"போடி இவளே. எங்க வலிக்குதுன்னு கேட்டா எதைக் காட்டறது? பழகிடும், நடந்து நடந்து பழகிடும்." சொல்லிவிட்டு, பழகாத நடையோடு சுவரைத் தடவிக்கொண்டு போனார். சைஸ் அக்கா அந்தப் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். கால் பொய் சொல்வதில்லை.

அன்றைக்குத்தான் அந்த யோசனை வந்தது. கடையின் பின்னால் சரக்கறை. தரையிலிருந்து கூரைவரை அட்டைப்பெட்டிகள். சாய்த்து வைத்த இரும்பு ஏணி ஒன்று. கடை திறந்த நாளிலிருந்து பெட்டிகள் மாடல்வாரியாக, பெரிய அளவு கீழே, சின்ன அளவு மேலே என்றுதான் அடுக்கப்படுகின்றன. அதனால் பெண்கள் அதிகம் கேட்கிற ஐந்தும் ஆறும் ஏழும் உச்சியில் கிடக்கின்றன. வருடத்துக்கொருமுறை யாரோ கேட்கிற பதினொன்று, கைக்கெட்டும் உயரத்தில் தூசி படிந்து உட்கார்ந்திருக்கிறது. ஏணியில் ஏறினால் ஒவ்வொரு படியிலும் ஒற்றைக் காலில் நிற்கவேண்டும். ஒவ்வொரு படியிலும் அந்த 'டக்'.

யாரிடமும் கேட்காமல், கூட்டமில்லாத மதியங்களில், பெட்டிகளைக் கொஞ்சம் கொஞ்சமாக இடம் மாற்றினாள். மேலே இருந்தவற்றைப் பில் போடுகிறவள் ஏறி எடுத்துக் கொடுத்தாள். விற்பவை நெஞ்சுயரத்துக்கு வந்தன. விற்காதவை கூரைக்குப் போயின. ஒரு வாரம் அவள் ஏணியைத் தொடவேயில்லை. இடுப்புப் பட்டையை ஒரு துளை தளர்த்திக் கட்டினாள். மற்றப் பெண்களும் வேகமாக எடுத்துக் கொடுத்தார்கள். சூப்பர்வைசர்கூட, "இந்த வாரம் நல்லா ஓடறீங்கம்மா எல்லாரும்" என்றார். ஏன் என்று அவர் கேட்கவில்லை, இவர்கள் சொல்லவுமில்லை.

கெடுத்தது ஒரு கைத்தவறு. மாற்றும்போது இரண்டு பெட்டிகள் விழுந்து திறந்துகொண்டன. ஒரே மாடல், ஒரே நிறம், நான்கு ஷூக்கள் தரையில். பில் போடுகிறவளை வெளியே யாரோ கூப்பிட்டுவிட்டார்கள். குனிய முடியாமல் சைஸ் அக்கா காலாலேயே அவற்றை ஒன்றுசேர்த்து, அலமாரியைப் பிடித்து நேராக இறங்கி ஒவ்வொன்றாக எடுத்துப் பெட்டியில் போட்டு மூடினாள். இடது கால் ஆறு, வலது கால் ஏழு. எந்தக் காலையும் பார்வையிலேயே அளக்கிறவள், வலியில் கண்ணை மூடிக்கொண்டு மூடிய பெட்டி அது.

ஒரு காலை மட்டும் போட்டுப் பார்த்து வாங்கிப் போனவர் மறுநாள் கொந்தளித்துக்கொண்டு வந்தார். "ஒரு கால் சரியா இருக்கு, ஒரு கால் கழலுது! என்ன கடை நடத்தறீங்க?"

சூப்பர்வைசர் சரக்கறைக்குள் போனார். வெளியே வந்தபோது அவர் குரல் மெதுவாக இருந்தது. மெதுவாகப் பேசினால்தான் அவரிடம் பயப்படவேண்டும்.

"யாரு பெட்டிங்களை மாத்தி அடுக்கினது?"

"நான்தான் சார்."

"சைஸ் அக்காவுக்கே சைஸ் தெரியலையா?"

"ஏணியில ஏற முடியல சார். இடுப்பு எலும்புல—"

"கர்ப்பம் ஒண்ணும் நோயில்லம்மா. என் வொய்ப் கடைசி நாள் வரைக்கும் எல்லா வேலையும் பாத்தா. உங்க ஒருத்தர் வசதிக்கு கடையை மாத்த முடியுமா?"

"எல்லாருக்கும்தான் சார் வசதியா இருந்துச்சு" என்றாள் பில் போடுகிறவள், தன் நாற்காலியிலிருந்து.

"உன்னைக் கேட்டேனா?" அவர் திரும்பவேயில்லை. "முடியலன்னா சொல்லிடுங்கம்மா. வேற ஆள் பாத்துக்கலாம். முடியுமா, முடியாதா?"

கடையில் ஆறு நாற்காலிகள் காலியாக இருந்தன.

"முடியும் சார்" என்றாள்.

அவருடைய மனைவிக்கு வலித்ததா என்று அவர் என்றைக்காவது கேட்டிருப்பாரா? மாமியாரிடம் யாராவது கேட்டார்களா? பெண்கள் தாங்கிக்கொண்டதெல்லாம் அவர்களால் தாங்க முடிந்ததற்குச் சாட்சியாகிவிடுகிறது. அந்தச் சாட்சியை வைத்துக்கொண்டே அடுத்தவளுக்கும் தீர்ப்பு எழுதுகிறார்கள். இந்த வழக்கில் மேல்முறையீடு கிடையாது. அலறினால் 'நடிக்கிறாள்', அலறாவிட்டால் 'நன்றாகத்தானே இருக்கிறாள்'.

அன்று மாலைக்குள் பெட்டிகள் பழைய இடத்துக்குப் போயின. ஐந்தும் ஆறும் ஏழும் உச்சிக்கு. தானே ஏறி அடுக்கவேண்டும் என்பது தண்டனை. ஒரு படிக்கு இரண்டு காலையும் சேர்த்து வைத்து, ஏணியின் கம்பியைக் கட்டிப்பிடித்து ஏறினாள். கீழே நின்ற பில் போடுகிறவள் ஒவ்வொரு பெட்டியாக நீட்டினாள். "அக்கா, பேசிக்கிட்டே ஏறு. எதையாவது பேசு" என்றாள். "என்னத்தப் பேச? டக்கு டக்குனு அதுதான் பேசிக்கிட்டிருக்கு" என்றாள் மேலேயிருந்து. இருவருமே சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு, நடைப்பயிற்சிக்கு ஷூ வாங்க ஒரு நடுவயதுக்காரர் வந்தார். நாற்காலியில் விழுந்து, காலை நீட்டினார்.

"டாக்டர் நடக்கச் சொல்லிட்டாரும்மா. ஆபீஸ்ல உக்காந்து உக்காந்தே இடுப்பு போச்சு."

"அப்படியா சார்" என்றபடி அவள் இறங்கினாள். விளிம்பு, முழங்கால்கள், மூச்சு. "உங்களுக்கு ஒம்போது சார்."

மாட்டிவிட்டாள். லேஸைக் கட்டினாள். எழுந்திருக்கக் கையை ஊன்றினாள். உள்ளே அந்தச் சத்தம், இதுவரை கேட்காத அளவுக்குப் பெரிதாக. எழ முடியவில்லை. சரக்கறை வாசலில், ஏணிக்குப் பக்கத்தில் சூப்பர்வைசர் கையைக் கட்டிக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் குனிந்து, கட்டிய லேஸை அவிழ்த்தாள். ஒவ்வொரு துளையாக இழுத்துச் சரிசெய்து, மறுபடி கட்டினாள்.

"கட்டியாச்சேம்மா?"

"கொஞ்சம் லூசா இருக்கு சார். ஒரு நிமிஷம்."

"என்ன பொறுமைம்மா உனக்கு!" என்று அவர் மெச்சிக்கொண்டார். அவள் தலை நிமிரவில்லை. முடிச்சின் நுனியைப் பிடித்து, மூன்றாம் முறையாக மெல்ல இழுத்தாள்.

அடுத்த முறை காலணி வாங்கப் போகும்போது, உங்கள் காலடியில் இருப்பவள் ஒரே லேஸை மறுபடியும் அவிழ்த்தால், லேஸைப் பார்க்காதீர்கள். எழுந்திருங்கள். அவள் பிடித்துக்கொள்ளக் கையை நீட்டுங்கள், உங்கள் நாற்காலியை அவள் பக்கம் தள்ளுங்கள். பிறகு ஏணிக்குப் பக்கத்தில் நிற்பவருக்குக் கேட்கும்படி, "இவங்க நாற்காலி எங்க சார்?" என்று கேளுங்கள். பதில் வரும்வரை உட்காராதீர்கள்.