பை எங்கடி?

புது ரப்பர் செருப்பைப் பிரித்ததும் மூக்கில் ஏறுமே, அந்த வாசனைதான் எனக்கு அந்த ஹாஸ்டல் பள்ளியின் வாசனை. அங்கே கபடி ஆடும் கொட்டகையில் நீலமும் மஞ்சளுமாக "மேட்" விரித்திருப்பார்கள்; தகரக் கூரையில் வெயில் ஏற ஏற அது சூடாகி, வாசனை சோற்றுத் தட்டு வரைக்கும் வந்து உட்கார்ந்துகொள்ளும். அதற்கு முன் நான் ஆடியதெல்லாம் மண்ணில். கும்மிடிப்பூண்டியில் எங்கள் அரசுப் பள்ளி மைதானத்து மண், சுற்றியிருந்த இரும்புக் கம்பெனிகளின் கரித்தூள் வருஷக்கணக்காகப் படிந்து கறுத்துப்போன மண்; சுண்ணாம்புக் கோடு போட்டால் பளிச்சென்று தெரியும். ஆடி முடித்து வீட்டுக்குப் போனால் அம்மா என்னை வாசலிலேயே நிறுத்தி, "காலா இது, கரிக்கட்டையா?" என்று சொம்புத் தண்ணீரை ஊற்றிவிட்டுத்தான் உள்ளே விடுவாள். மேட்டில் ஆடினால் கால் கறுக்காது. ஆனால் ஷூ கடிக்கும்.

எங்கள் பள்ளியின் பெண்கள் அணியைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள அதிகம் இல்லை. ஏழு பேர் வேண்டும், எட்டுப் பேர் இருந்தோம். அந்த எட்டாவது ஆளும் பாதி நாள் காய்ச்சல் என்று படுத்துக்கொள்வாள். ஆனால் எங்களிடம் பவானி இருந்தாள். அவள் அம்மாவும் என் அம்மாவும் ஒரே கம்பெனி கேன்டீனில் வேலை பார்த்தார்கள். நாங்கள் இருவரும் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்ச். அவள் இடது மூலையில் நிற்பாள். எதிரணிப் பெண் பாடிக்கொண்டு வந்து காலை எட்டி வைத்தால், பூனை மாதிரி குனிந்து இரண்டு கையாலும் கணுக்காலைப் பிடித்துவிடுவாள். ஒரே ஒரு குறை, ஆறாவது படிக்கும்போது சைக்கிளிலிருந்து விழுந்து இடது மணிக்கட்டு உடைந்தது, கட்டுப் பிரித்த பிறகும் அதற்குப் பழைய பலம் வரவில்லை. பிடி அந்தப் பக்கமாக நழுவும். அதனால் அவளுக்கு அடுத்து நான் நிற்பேன். அவள் காலைப் பிடித்த மறு நொடி என் கை அவளுடைய இடது கையின்மேல் விழுந்து இறுக்கும். எங்களுக்குள் அதற்கு "மூடி" என்று பெயர். "மூடி போடுடி!" என்று அவள் கத்துவதற்குள் நான் போட்டிருப்பேன். அந்த மணிக்கட்டுக்குப் பலமில்லை என்பது ஊரில் வேறு யாருக்கும் தெரியாது.

எட்டாவது படிக்கும்போது முதல் முறையாக "சோனல்" போட்டிக்குப் பொன்னேரிக்குப் போனோம். சுற்றுவட்டாரப் பள்ளிகளெல்லாம் மோதிக்கொள்ளும் போட்டி அது. ஜெயித்தால் மாவட்டம், அப்புறம் மாநிலம். காலையில் சீட்டுக் குலுக்கிப் போட்டு, யார் யாரோடு ஆடுவது என்று ஒரு தாளில் கோடு கோடாக வரைந்தார்கள். எங்கள் பி.டி. சார் திரும்பி வந்து, "நமக்குப் பை விழுந்திருக்கு, போய் நிழல்ல உக்காருங்க" என்றார். எங்களுக்கு ஒரே சந்தோஷம். அதற்கு முந்தின மாதம்தான் ஏதோ கம்பெனிக்காரர்கள் பள்ளிக்கு வந்து எல்லோருக்கும் தண்ணீர் பாட்டில் கொடுத்துப் படம் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள்; இப்போது பை. என்ன நிறம், எத்தனை ஜிப் என்று மதியம் வரை அதே பேச்சுதான். அடுத்த ஆட்டத்தில் தோற்று, கிளம்புகிற நேரமும் வந்த பிறகு, பவானி நேராக நடுவர்கள் உட்கார்ந்திருந்த மேஜைக்குப் போய், "சார், எங்க பையக் குடுத்துடுங்க சார், பஸ்ஸுக்கு நேரமாவுது" என்றாள். மைதானமே சிரித்தது. ஜோடி சேர ஆள் இல்லாத அணியை ஆடாமலே அடுத்த சுற்றுக்கு அனுப்புவதற்குப் பெயர்தான் "பை" என்று பஸ்ஸில்தான் சார் விளக்கினார். அன்றிலிருந்து எங்கள் கூட்டத்தில் யாராவது எதற்காவது வீணாக ஆசைப்பட்டால், "பை எங்கடி?" என்று கேட்டுச் சிரிப்போம்.

அந்த வருஷமும் அடுத்த வருஷமும் கோப்பையை எடுத்துக்கொண்டு போனது நெடுஞ்சாலையை ஒட்டியிருந்த ஒரு தனியார் பள்ளி. எங்களுக்கு அது "ஹாஸ்டல் ஸ்கூல்". அவர்கள் ஒரே நிற ஷூவில், தனி வேனில், தனிக் கோச்சோடு வந்து இறங்குவார்கள். நாங்கள் சாப்பாட்டுத் தூக்கோடு ஷேர் ஆட்டோவிலிருந்து பிதுங்கி இறங்குவோம். இரண்டு பேரும் ஒரே விதிப்படி ஆட வேண்டும், அதற்குப் பெயர் சமமான போட்டி. ஒன்பதாவதில் இறுதி ஆட்டத்தில் அவர்களிடம் படுதோல்வி அடைந்தோம். அன்று எங்கள் அணி எடுத்த கொஞ்சநஞ்சப் புள்ளியும் நான் பாடிப் போய் எடுத்தது. அது என் கெட்ட நேரம் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

அந்த வருஷப் பரீட்சை முடிந்த பதினைந்து நாளில் அந்தப் பள்ளியின் கோச் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். இலவசச் சீட்டு, தங்குமிடம், சாப்பாடு, ஷூ. நைனா அப்போது ஸ்டீல் கம்பெனியில் கான்டிராக்ட் வேலையில் இருந்தார். வந்தவருக்கு நாற்காலியைக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டே கேட்டார். அவர் போனதும், "நம்மூட்ல யாரு இங்கிலீஷ் மீடியம் பாத்துக்கீறோம்? போ பாப்பா, ஆளாயிடுவ" என்றார். அம்மா என் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கும் அந்த ஷூவின் மேல் ஆசைதான், மறைத்து என்ன ஆகப்போகிறது? பவானியிடம் நாளை சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று லீவு முழுவதும் தள்ளிப்போட்டு, கடைசியில் சொல்லாமலே போய்விட்டேன்.

ஹாஸ்டலில் என் அறையில் ஏழு பேர். முதல் நாளே எல்லோரையும் எனக்கு அடையாளம் தெரிந்தது. ஊத்துக்கோட்டைப் பக்கத்துப் பெண், சோழவரத்துப் பெண், பழவேற்காட்டிலிருந்து வந்த நூர்ஜஹான் என்று எல்லோரும் முன்பு சோனலில் என்னோடு மோதியவர்கள். ஒவ்வொருத்தியும் அவளவள் பள்ளியில் முதல் ஆள். ஒவ்வொரு பள்ளியிலிருந்தும் ஒருத்தியைப் பிடுங்கி இங்கே நட்டிருந்தார்கள். எங்களைப் பிடுங்கிய இடத்தில் எல்லாம் ஒரு குழி இருக்கும் என்று எங்களில் யாரும் யோசிக்கவில்லை.

அங்கே யாரும் எங்களை அடிக்கவில்லை, பட்டினி போடவில்லை. முட்டைகூடத் தினமும் உண்டு. ஆனால் வெளியே போக முடியாது. ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் பெற்றோரைப் பார்க்கலாம். மற்ற நாளெல்லாம் கேட்டுக்கு இந்தப் பக்கம்தான் உலகம். துணி காயப்போட மொட்டை மாடிக்குப் போனால் கும்மிடிப்பூண்டி பஸ் போவது தெரியும். நான் நனைந்த பாவாடையைக் கையில் வைத்துக்கொண்டு, அது வளைவில் திரும்பி மறைகிற வரைக்கும் நிற்பேன். மூன்றாவது ஞாயிறே நைனாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவர் ஆபீஸ் அறைக்குள் போய்க் கேட்டுவிட்டு, முகம் சுருங்கித் திரும்பி வந்தார். விளையாடமாட்டேன் என்றால் சீட்டு கிடையாது, டி.சி. வாங்கிக்கொண்டு போனால், பத்தாவது ஆரம்பித்த பிறகு வேறு எந்தப் பள்ளியும் சேர்த்துக்கொள்ளாது, ஒரு வருஷம் போய்விடும் என்று சொல்லியிருக்கிறார்கள். "பல்லக் கடிச்சிக்கினு பத்தாவது முடிச்சிடு பாப்பா" என்றார் நைனா. அவருக்கும் வேறு வழி தெரியவில்லை என்பது புரிந்ததால்தான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

ஆகஸ்டில் சோனல் வந்தது. கோச் கொண்டுவந்த தாளைப் பார்த்தோம். எட்டுக் கட்டம் இருந்தது, ஆறு கட்டத்தில் "பை" என்று எழுதியிருந்தது. முதல் ஆள் போன பிறகு மற்ற பள்ளிகளில் அணி சேரவில்லை. சேர்ந்தவர்களும் எங்களிடம் தோற்பதற்குப் பஸ் பிடித்து வருவானேன் என்று விட்டுவிட்டார்கள். நூர்ஜஹான் தன் பள்ளியின் பெயரை விரலால் தேடிக்கொண்டே இருந்தாள். எங்களைத் தவிர பெயர் கொடுத்திருந்தது ஒரே ஒரு பள்ளி. என் பள்ளி.

போட்டிக்கு முந்தின சனிக்கிழமை மதியம் கோச் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, "அந்த டீம்ல இன்னா வீக்கு?" என்று சாதாரணமாகக் கேட்டார். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குச் சீட்டு, டி.சி., நைனாவின் சுருங்கிய முகம் எல்லாம் ஒன்றாக வந்தன. "லெஃப்ட் கார்னர் சார். அவளுக்கு இடது கை பலமில்ல" என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். யாரும் என்னை மிரட்டவில்லை என்பதைச் சொல்லியே ஆகவேண்டும். நானாகத்தான் சொன்னேன்.

பொன்னேரியில் அதே மைதானம். பவானி கறுத்த வெறுங்காலோடு இடது மூலையில் நின்றாள். அவளுக்கு அடுத்து, நான் நிற்க வேண்டிய இடத்தில், சட்டை தொளதொளவென்று எட்டாவது படிக்கும் ஒரு குட்டிப் பெண். என்னை அவள் பார்க்கவே இல்லை. ஆட்டம் தொடங்கியது. எங்கள் பக்கத்திலிருந்து போன முதல் பெண் நேராக இடது மூலைக்குப் போனாள், இரண்டாவது பெண்ணும் அங்கேயே போனாள், மூன்றாவதும். மூன்று பேரும் அவள் இடது பக்கமாகவே காலை உதறிக்கொண்டு திரும்பி வந்தார்கள். ஒவ்வொரு முறையும் அவள் அவுட்டாகி வெளியே போய், அவள் அணி எங்களில் ஒருத்தியைப் பிடித்ததும் மறுபடி அதே மூலைக்கு வந்தாள். அப்போதுதான் அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

நான்காவது பாட்டு என்னுடையது. "கபடி கபடி" என்று பாடிக்கொண்டே கோட்டைத் தாண்டினேன். அவள் குனிந்தபடியே, என் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "நீதான சொன்ன?" என்றாள். பதில் சொல்ல முடியாது. பாட்டை நிறுத்தினால் அவுட். வாய் கபடி கபடி என்று ஓடிக்கொண்டிருக்கிறது, கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டு அவள் முகம் சரியாகத் தெரியவில்லை. "சொல்லுடி, நீதான?" என்று கேட்டுக்கொண்டே அவள் பாய்ந்து என் கணுக்காலைப் பிடித்தாள். அந்தக் கை எனக்குப் பழக்கமான கை. இரண்டு மாதமாக நான் எங்கெங்கோ மாட்டிக்கொண்டு தவித்திருந்தேன். அந்தப் பிடியில் மட்டும் அப்படியே இருந்துவிடலாம் என்று தோன்றியது. ஒரு நொடிதான். கோட்டுக்கு வெளியே கோச் "லெஃப்ட், லெஃப்ட்" என்று கத்தினார். மேலே வந்து விழ வேண்டிய கை வரவில்லை. குட்டிப் பெண் பயந்துபோய் நின்றுவிட்டாள். நான் காலை அவளுடைய இடது கைப் பக்கமாக முறுக்கினேன். யோசிக்காமல் செய்தேன் என்று சொன்னால் அது பொய். கோட்டைத் தாண்டி வந்து விழுகிற வரைக்கும் வாய் பாடிக்கொண்டே இருந்தது.

பவானி கைக்குட்டையால் மணிக்கட்டைக் கட்டிக்கொண்டு வெளியே உட்கார்ந்துவிட்டாள். ஆறு பேரோடு ஆடித் தோற்றார்கள். கோப்பையோடு எங்களை நிறுத்திப் படம் எடுத்தார்கள். சிரிக்கச் சொன்னார்கள், சிரித்தேன். மாவட்டப் போட்டியின் முதல் ஆட்டத்திலேயே நாங்கள் தோற்றோம். சோனலில் மோதிப் பழக ஆளே இல்லாமல் போனால் அப்படித்தான் ஆகும் என்று அன்று யாரும் சொல்லவில்லை. ஷூ சரியில்லை என்று புது ஷூ வாங்கினார்கள்.

பத்தாவது முடிந்ததும் டி.சி. வாங்கிக்கொண்டு ஓடி வந்து பழைய பள்ளியிலேயே பதினொன்று சேர்ந்தேன். ஆனால் திரும்பி வருவதற்கு அங்கே அணி இல்லை. பி.டி. சார் ஏழு பேர் தேறவில்லை என்று பெயரே கொடுக்கவில்லை. அந்த வருஷத் தாளில் எங்கள் பள்ளியின் இடத்திலும் "பை" என்று எழுதிவிட்டார்கள். பவானி வேறு பிரிவில் சேர்ந்திருந்தாள். இரண்டு வருஷம் ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தோம், ஒரு வார்த்தை பேசவில்லை.

இப்போது நாங்கள் இருவரும் ஒரே கம்பெனியில், காருக்கு ஒயர் கட்டும் வேலையில் இருக்கிறோம். வேலைக்குச் சேர்ந்த புதிதில், கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்து சீட்டு மட்டும் காலியாக இருந்த ஒரு நாளில் அவள் வந்து உட்கார்ந்தாள். அப்படியே பேச்சு வந்துவிட்டது. குழந்தைகள், மாமியார், ஓவர்டைம், எல்லாம் பேசுவோம். அதை மட்டும் பேசியதில்லை. நாங்கள் ஆடிய மைதானத்தில் பாதி இன்று லாரிகள் நிற்கும் இடமாகிவிட்டது, மீதியில் சிமெண்ட் போட்டுவிட்டார்கள். சோனல் அன்று மரத்தடியில் அணி அணியாக உட்கார்ந்து ஒருவர் தூக்கிலிருந்து ஒருவர் பிடுங்கித் தின்ற கூட்டம் எங்கே போனது என்று தெரியவில்லை. என் மகள் அதே பள்ளியில் எட்டாவது படிக்கிறாள், கபடி ஆடுகிறாள்.

போன வாரம் பஸ்ஸில் போய்க்கொண்டிருக்கும்போது மகள் தன் பி.டி. மிஸ் போனிலிருந்து கூப்பிட்டு, மூச்சு வாங்க, "அம்மா, எங்களுக்கு ஃபைனல் வரைக்கும் பையாம்மா! வேற யாருமே வரல! ஃபைனல்ல அந்த ஹாஸ்டல் ஸ்கூல்!" என்றாள். சரி, பார்த்து ஆடு என்று வைத்துவிட்டேன்.

"இன்னாவாம்?" என்றாள் பவானி.

"பை கெடச்சிக்கிதாம்."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "வரும்போது எடுத்துனு வரச் சொல்லு" என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை வருஷம் சொல்லாதது தானாக வெளியே வந்தது.

"நான்தான்டி சொன்னேன். அன்னிக்கி."

"தெரியும்." அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. "சொன்னது போவட்டும்டி. மூடி போட நீ வரலியே."

கம்பெனி கேட் வந்துவிட்டது. அவள் சாப்பாட்டுப் பையை வலது கையில் எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் இறங்கினாள்.