மூன்றாவது பல்செட்

முப்பது வருஷமாகப் பல்செட் செய்கிறவர் அவர். தெருவில் எல்லாருக்கும் பல்செட்டுக்காரர். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்ப்பாரா என்பது சந்தேகம். செய்த வேலை திரும்பி வந்ததாகச் சரித்திரமே கிடையாது. அப்பேர்ப்பட்டவரிடம் அரபி டீச்சரின் மேல்வரிசைச் செட் இரண்டாம் தடவையாகத் திரும்பி வந்தபோது, மனுஷன் முகத்தில் ஈயாடவில்லை.

டீச்சர் இருபது வருஷமாக வீட்டு முன்னறையில், புதிதாக அரபி படிக்க வருகிறவர்களுக்கு எழுத்தும் உச்சரிப்பும் சொல்லித்தருகிறவர். செட் மாட்டி மூன்று மாதமாக வகுப்பு நடக்கவில்லை. இனியும் சரிவராவிட்டால், அடுத்த மாதத்திலிருந்து அவரிடம் படித்த மாணவி ஒருத்தி வகுப்பை எடுத்துக்கொள்வதாகப் பேச்சு.

"பேப்பரைப் படிக்கச் சொல்லிப் பார்த்துத்தானே குடுத்தேன் டீச்சர்? கணீர்னு படிச்சீங்களே!"

"தமிழ்ப் பேப்பர்ண்ணே அது. தமிழ் நல்லாத்தான் வருது. அரபியில வாயத் தொறந்தாத்தான் எனக்கே கேக்கச் சகிக்கல."

அட, இது தோன்றவே இல்லையே! தமிழ் 'த'வுக்கு நாக்கு பல்லுக்குப் பின்னாலேயே நின்றுவிடும். அரபியில் மூன்று எழுத்துகளுக்கு நாக்கு நுனி இரண்டு பல்வரிசைக்கும் நடுவே எட்டிப் பார்க்க வேண்டுமாம். இன்னும் சிலவற்றுக்கு நாக்கின் பின்பக்கம் எழும்பி, சத்தம் கனமாக விழ வேண்டுமாம். தெரியாத சத்தத்தை நான் எப்படிச் சோதிப்பேன் என்று கையை விரித்தார் பல்செட்டுக்காரர்.

"அப்ப நீங்களே கத்துக்குங்க" என்றார் டீச்சர், பாதி கோபத்தில். மறுநாளே ஒரு நோட்டோடு போய் உட்கார்ந்துவிட்டார் மனுஷன்.

இருபத்தெட்டு எழுத்து என்றதும் நோட்டை மூடப் போனார். டீச்சர் சிரித்தார். "பாதி எழுத்து ஒரே உருவம்தாண்ணே, புள்ளிதான் மாறும். படகு மாதிரி இருக்கிற இந்த எழுத்தைப் பாருங்க: கீழே ஒரு புள்ளி, மேலே ரெண்டு, மேலே மூணு. மூணு எழுத்து முடிஞ்சுபோச்சு. தனித்தனியா எழுதிப் பழகாதீங்க. வலது பக்கத்துலேருந்து ஒண்ணோட ஒண்ணு சேர்த்தே எழுதுங்க. முக்கியமா, பக்கத்துல தமிழ்ல எழுதி வெச்சுக்காதீங்க. எழுதினா நாக்கு தமிழுக்கே ஓடிரும்."

தொண்டை எழுத்து ஒன்றுக்கு, மூக்குக்கண்ணாடி துடைக்க ஊதுகிற மாதிரி மூச்சு விடச் சொன்னார். வாயால் காட்ட முடியாத சத்தங்களுக்குத் தன் பழைய வகுப்புப் பதிவைச் செல்போனில் போட்டார். தன் பழைய குரலைக் கேட்கும்போதெல்லாம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்.

பட்டறையில் கண்ணாடி முன் நாக்கை நீட்டி நீட்டிப் பழகியவரைப் பார்த்து வீட்டுக்காரம்மா தலையில் அடித்துக்கொண்டார். "வர்றவங்க மிரண்டு ஓடப்போறாங்க, உள்ள இழுங்க!"

மூன்று வாரத்தில் மூன்றாவது செட் தயாரானது. முன்பல்லின் பின்னால், அண்ணத்தோடு ஒட்டும் தகட்டை மெலிதாக ராவியிருந்தார். முன்பல் இரண்டையும் ஒரு மயிரிழை நகர்த்தியிருந்தார்.

டீச்சர் மாட்டிக்கொண்டு கனமான எழுத்துகளைச் சொன்னார். வந்தன. நாக்கு நீட்டும் எழுத்தைச் சொன்னார். பழையபடி வெறும் 'ஸ'. மறுபடியும் அதே. கண் கலங்கிவிட்டது. "போதும்ண்ணே. அந்தப் பொண்ணே எடுத்துக்கட்டும்."

பல்செட்டுக்காரர் குனிந்து வாய்க்குள் பார்த்தார். இடம் தாராளமாக இருந்தது. நாக்குதான் வரவில்லை. மூன்று மாதம் தகட்டுக்குப் பயந்து பின்னால் பதுங்கிப் பழகிவிட்டிருக்கிறது.

"டீச்சர், கோவிச்சுக்கக் கூடாது. இது செட்டோட தப்பு இல்ல. நாக்கு நுனி வெளியே தெரியல. நீட்டுங்க."

"எனக்கே சொல்லித்தர்றீங்களா?"

"ஆமா. நீட்டுங்க."

டீச்சருக்கு முகம் சிவந்துபோனது. இருபது வருஷமாக மற்றவர்களிடம் சொன்னதை ஒருவர் தன்னிடம் சொல்கிறாரே என்று வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் நீட்டினார். முதல் தடவை காற்றுதான் வந்தது. இரண்டாவதும் சரியில்லை. பல்செட்டுக்காரர் விடவில்லை. "இன்னொரு தடவை." ஐந்தாவது தடவையில் எழுத்து அப்படியே, மெத்தென்று வந்து விழுந்தது.

டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு செல்போனை எடுத்தார்.

"அம்மாடி, நீ வர வேண்டாம்மா. என் வகுப்ப நானே எடுத்துக்கறேன்."